மணி என்ன ஆச்சு சார்?

கையில் நாலு காசு இருப்பவர்கள் இப்போது இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். ஒன்று, சாவி கொடுக்கிற கட்சி. இன்னொன்று, சார்ஜ் போடுகிற கட்சி.

சாவிக் கட்சிக்காரர் கையில் சுவிட்சர்லாந்து இருக்கும். ரோலெக்ஸ், ஒமேகா, பட்டேக் ஃபிலிப்... உள்ளே பேட்டரி கிடையாது. ஸ்பிரிங், பல்சக்கரம் என்று நூறு, இருநூறு துணுக்குகள். ‘இது வாட்ச் இல்லீங்க, கலை’ என்பார்.

சார்ஜ் கட்சிக்காரர் கையில் கறுப்பாக ஒரு ரப்பர் பட்டை. கல்யாண மண்டபத்தில் எல்லோரும் பந்திக்கு இடம் பிடித்துக்கொண்டிருக்கும்போது இவர் மட்டும் வராந்தாவில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருப்பார். கேட்டால், ‘பத்தாயிரம் ஸ்டெப்ஸுக்கு இன்னும் இருநூறு பாக்கி’ என்பார்.

இரண்டு பேரும் சந்தித்தால் சண்டைதான். ‘உங்க பட்டை ரெண்டு வருஷத்துல குப்பைக்குப் போயிடும். என் வாட்ச் என் பேரனுக்குப் போகும்’ என்பார் இவர். ‘உங்களுக்கு நெஞ்சு வலி வந்தா உங்க வாட்சுக்குத் தெரியுமா?’ என்பார் அவர்.

நடுவில் போய், ‘மணி என்ன ஆச்சு சார்?’ என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு பேருமே பழக்கதோஷத்தில் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுப்பார்கள்!

சிரிப்பாக இருக்கிறது இல்லையா? சிரித்து முடித்துவிட்டு வாருங்கள். சிரிக்க முடியாத விஷயம் ஒன்று பின்னால் இருக்கிறது.

முதலில் சாவிக் கட்சியைப் பார்த்துவிடுவோம்.

1969-ம் வருடம் டிசம்பர் 25-ம் தேதி, டோக்கியோவில் செய்கோ கம்பெனி ‘ஆஸ்ட்ரான்’ என்ற வாட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம். விலை நாலரை லட்சம் யென். அன்றைக்கு அந்தக் காசுக்கு ஒரு கார் வாங்கியிருக்கலாம். மாதத்துக்கு ஐந்து வினாடிக்கு மேல் பிசகாது என்றார்கள். துல்லியம் என்பது அன்றைக்குப் பணக்காரர் சமாசாரம்.

பத்துப் பதினைந்து வருடத்தில் கதை தலைகீழாகிவிட்டது. பேட்டரி வாட்ச் தெருவுக்கு வந்தது. 1970-ல் சுவிட்சர்லாந்தில் கடிகாரத் தொழிலில் ஏறக்குறைய 90 ஆயிரம் பேர் இருந்தார்கள். எண்பதுகளின் நடுவில் மிஞ்சியது மூன்றில் ஒரு பங்கு.

நம்ம ஊரில் மட்டும் என்ன வாழ்ந்தது? 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி உதவியோடு பெங்களூரில் எச்.எம்.டி. வாட்ச் தயாரிக்க ஆரம்பித்தது. பெயரே ‘ஜனதா’. வாத்தியார், குமாஸ்தா, ரயில்வே ஊழியர் என்று எல்லார் கையிலும் இருந்தது. மாப்பிள்ளை மோதிரத்தோடு சேர்த்துக் கேட்ட வாட்ச் அது. காலையில் பல் தேய்த்ததும் சாவி கொடுத்துவிட்டு ஆபீஸ் போன தலைமுறை அது. பிறகு, தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து ஆரம்பித்த டைட்டன் ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் வாட்சுகளோடு வந்தது. பேட்டரிப் பக்கம் முழுசாகத் திரும்பத் தயங்கிய எச்.எம்.டி. சரிந்தது. 2016-ல் மத்திய அமைச்சரவை எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூடிவிட முடிவு செய்தது.

ஆக, சாவி கொடுக்கிற வாட்ச் செய்துவந்த வேலை போய்விட்டது. வேலை போனால் மனுஷனுக்கு மதிப்புக் குறையும். வாட்சுக்கோ வேலை போன பிறகுதான் விலை ஏறியது! 2017-ல் நியூயார்க்கில் ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் ஒரு கோடியே 77 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

நேரம் காட்டுவதற்கா இந்த விலை? சுவிட்சர்லாந்தில் துல்லியமான வாட்சுக்குச் சான்றிதழ் தருவதற்கென்றே சி.ஓ.எஸ்.சி. என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அவர்கள் கணக்குப்படி மெக்கானிக்கல் வாட்ச் ஒரு நாளைக்கு 4 வினாடி பின்தங்கலாம். 6 வினாடி முந்தலாம். அதாவது மாதத்துக்கு மூன்று நிமிடம் ஃபாஸ்ட்டாகப் போனாலும் பாஸ் மார்க். தெருமுனைக் கடையில் ஐந்நூறு ரூபாய்க்குத் தொங்குகிற பேட்டரி வாட்ச் மாதத்துக்குப் பதினைந்து, இருபது வினாடிதான் பிசகும்.

கலையை நான் குறை சொல்லவில்லை. கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, தலைமுடியைவிட மெல்லிசான ஸ்பிரிங்கைப் பொருத்துகிறவனின் விரலுக்கு ஒரு கும்பிடு போடலாம். ஆனால், வாங்குகிறவர்களில் எத்தனை பேர் அந்த விரலுக்காக வாங்குகிறார்கள்?

2016-ல் கர்நாடக முதல்வர் சித்தராமையா கட்டியிருந்த ஹூப்ளோ வாட்ச் பெரிய பிரச்னையானது. நண்பர் கொடுத்த பரிசு என்றார். கடைசியில் சபாநாயகரிடம் ஒப்படைத்தார். 2022 டிசம்பரில் தமிழக பி.ஜே.பி. தலைவராக இருந்த அண்ணாமலை கையில் ரஃபேல் பெயரில் வந்த பெல் அண்டு ராஸ் வாட்ச். ‘பில் எங்கே?’ என்று தி.மு.க. கேட்டது. 2023 ஏப்ரலில் பில்லைக் காட்டினார். என்ன விலை, யார் கொடுத்தது, பில் இருக்கிறதா... இத்தனை கேள்வி கேட்டோமே, அந்த வாட்ச் சரியான நேரம் காட்டுகிறதா என்று யாராவது கேட்டோமா? கேட்க மாட்டோம். ஏனென்றால், அது கட்டியிருப்பவர் பார்ப்பதற்கான வாட்ச் இல்லை. மற்றவர்கள் பார்ப்பதற்கானது.

‘அப்படிப் போடுங்க!’ என்று கைதட்டுகிறாரே சார்ஜ் கட்சிக்காரர், அவரிடம் வருவோம்.

தினம் பத்தாயிரம் அடி நடக்கவேண்டும் என்று எந்த டாக்டர் சொன்னார் சார்? 1964-ல் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் நடந்தது. அந்தச் சூட்டோடு 1965-ல் யமாசா என்கிற ஜப்பான் கம்பெனி, இடுப்பில் மாட்டிக்கொண்டு அடி எண்ணும் கருவி ஒன்றை விற்றது. அதன் பெயர் ‘மன்போ-கெய்’. அர்த்தம், பத்தாயிரம் அடி மீட்டர். நீங்கள் வேதவாக்காக நினைத்துக்கொண்டிருக்கும் எண், விளம்பரத்துக்காக வைத்த பெயர்!

2019-ல் அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள 16,741 பெண்களை ஆராய்ந்தார்கள். தினம் 4,400 அடி நடந்தவர்களிடமே, 2,700 அடி நடந்தவர்களைவிட மரண விகிதம் கணிசமாகக் குறைவு. 7,500 அடியைத் தாண்டினால் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆக, நடங்கள். தாராளமாக நடங்கள். பந்தியை விட்டுவிட்டு வராந்தாவில் நடக்காதீர்கள்.

‘பட்டை கட்டினால் எடை குறையுமே?’ அதையும் பார்த்துவிட்டார்கள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகக்காரர்கள் 471 பேரை இரண்டு வருடம் கவனித்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே உணவுக் கட்டுப்பாடு, ஒரே உடற்பயிற்சி ஆலோசனை. பட்டை கட்டியவர்கள் சராசரியாகக் குறைத்தது 3.5 கிலோ. கட்டாதவர்கள் 5.9 கிலோ! ‘இத்தனை கலோரி எரிந்தது’ என்று பட்டை காட்டுகிறதே, அந்தக் கணக்கு இன்னும் தமாஷ். 2017-ல் ஸ்டான்ஃபோர்டில் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். இருப்பதிலேயே ஒழுங்கானது 27 சதவிகிதம் தப்பு. மோசமானது 93 சதவிகிதம் தப்பு. அதை நம்பி நீங்கள் இன்னொரு மைசூர்பாகு சாப்பிடுகிறீர்கள்.

நியாயமாகச் சொல்லவேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். அதே ஏழில் ஆறு, நாடித்துடிப்பை ஓரளவு சரியாகவே சொன்னது. சில ஸ்மார்ட் வாட்சுகள் இதயம் தாறுமாறாகத் துடிப்பதைக் கண்டுபிடித்து எச்சரிப்பதும் உண்மை. டாக்டர் கட்டிக்கொள்ளச் சொன்னால் கட்டிக்கொள்ளுங்கள். அதில் எனக்குத் தகராறே இல்லை.

தகராறு வேறு இடத்தில். சாவி வாட்சை மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்றேன். இந்தப் பட்டையோ உங்களையே பார்க்கிறது. ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், எத்தனை தடவை புரண்டீர்கள், எங்கே போனீர்கள், எப்போது படபடப்பு வந்தது... கட்டின பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாத கணக்கெல்லாம் அதற்குத் தெரியும். தெரிந்துகொண்டு சும்மா இருக்குமா?

ஃபிட்பிட் கம்பெனியை 210 கோடி டாலர் கொடுத்து வாங்க கூகுள் 2019-ல் ஒப்பந்தம் போட்டு, 2021 ஜனவரியில் வாங்கி முடித்தது. பட்டை விற்கிற லாபத்துக்கா அவ்வளவு காசு? ஐரோப்பிய யூனியனுக்கும் இந்தச் சந்தேகம் வந்தது. ‘இந்த உடல்நலத் தகவல்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்த மாட்டோம்’ என்று பத்து வருடத்துக்கு எழுதி வாங்கிக்கொண்டுதான் அனுமதி கொடுத்தது. உலகம் முழுக்க இதையே கடைப்பிடிப்போம் என்றும் கூகுள் சொன்னது. சந்தோஷம். ஆனால், மடக்கிப் பிடித்து எழுதி வாங்கியது அங்கிருந்த அரசாங்கம். அமெரிக்காவில் ஜான் ஹேன்காக் என்ற பழைய இன்ஷூரன்ஸ் கம்பெனி, 2018-ல் தன் ஆயுள் காப்பீடு எல்லாவற்றிலும் இந்தப் பட்டைத் திட்டத்தைச் சேர்த்தது. கணக்குக் காட்டி நன்றாக நடந்தால் பிரீமியத்தில் தள்ளுபடி. கேட்க இனிக்கிறது. ஒருவருக்குத் தள்ளுபடி என்றால், நடக்க முடியாதவர் முழு விலை கொடுக்கிறார் என்றுதானே அர்த்தம்?

‘அதெல்லாம் அமெரிக்கா சார், நமக்கென்ன?’ என்பீர்கள். சரி, சண்டிகருக்கு வாருங்கள். சிரிக்க முடியாத விஷயம் என்றேனே, அது இதுதான்.

சண்டிகர், பஞ்ச்குலா, நாக்பூர் மாநகராட்சிகளில் சில வருடங்களுக்கு முன் தூய்மைப் பணியாளர்கள் கையில் ஜி.பி.எஸ். வாட்ச் கட்டினார்கள். யாரும் ஆசைப்பட்டுக் கேட்கவில்லை. கட்டித்தான் ஆகவேண்டும். தெருக் கூட்டுகிற அம்மா இப்போது எந்தத் தெருவில் இருக்கிறார், நிற்கிறாரா, நகர்கிறாரா என்பது ஆபீஸில் ஏ.சி. அறையில் திரையில் தெரியும். கருவி தப்பாகக் காட்டினாலும் சம்பளம் பிடிக்கிறார்கள் என்று தொழிலாளர்கள் புகார் சொன்னார்கள். கழிப்பறைக்குப் போகும்போதும் இது கையில் இருக்க வேண்டுமா என்று பெண்கள் கேட்டார்கள். 2020-ல் சண்டிகரில் போராட்டமே நடந்தது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சட்டசபைக்கு வருகிறாரா, வந்தால் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்க ஒரு எம்.எல்.ஏ. கையில் இதைக் கட்டிவிட முடியுமா? பெரிய மனிதர் வாட்ச் கட்டினால் நாம் அவரிடம் ஒரு தடவை பில் கேட்கிறோம். தெருக் கூட்டுகிறவர் கையில் கட்டிய வாட்ச் அவரிடம் தினம் தினம் கணக்குக் கேட்கிறது.

இதைப் படித்துவிட்டு ‘ஐயோ பாவம்’ என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். உங்கள் ஆபீஸில் எச்.ஆர். மேடம் சிரித்த முகத்தோடு இலவசமாக ஒரு பட்டை கொடுக்கிறாரே, அதிகம் நடந்தவருக்குப் பரிசு என்று போட்டி வைக்கிறாரே, அதுவும் இதுவும் ஒரே ஜாதிப் பட்டைதான். அங்கே மிரட்டிக் கட்டினார்கள், உங்களுக்குப் பரிசு காட்டிக் கட்டுகிறார்கள். நேற்று ராத்திரி மூன்று மணி வரை நீங்கள் தூங்கவில்லை என்பது இன்று உங்கள் ஆரோக்கியத்துக்கான தகவல். பிரமோஷன் பட்டியல் போடும் நாளில் அது என்ன தகவல்?

சட்டம் காப்பாற்றும் என்று நினைக்கிறீர்களா? 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ம் பிரிவைப் படியுங்கள். வேலை தொடர்பான காரியங்களுக்கு, முதலாளிக்கு நஷ்டம் வராமல் காப்பதற்கு என்றால், ஊழியரின் தகவலை அவர் சம்மதம் வாங்காமலே பயன்படுத்தலாம் என்று இடம் கொடுக்கிறது. காப்பாற்ற வந்த சட்டமே கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

அதனால் உங்கள் கையில் யார் எதைக் கட்ட வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் கணக்கு யாரிடம் போகிறது? வேண்டாம் என்று நான் சொல்லலாமா, சொன்னால் எனக்கு நஷ்டம் உண்டா? கொடுத்ததை அழிக்கச் சொன்னால் அழிப்பீர்களா? எழுத்தில் பதில் வாங்குங்கள். மழுப்பினால் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்குக் கேட்கிற தைரியமும் இங்கிலீஷும் இருக்கிறது. தெருக் கூட்டுகிறவர் கேட்டால் நாளைக்கு வேலைக்கு வராதே என்பார்கள். அதனால் அவருக்கும் சேர்த்து நீங்கள்தான் கேட்கவேண்டும். நாளைக்கு உங்கள் ஊர் மாநகராட்சியில் இப்படி ஒரு டெண்டர் வந்தால், உங்கள் வார்டு கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள்.

மணி பார்க்க மட்டும்தான் வாட்ச் வேண்டும் என்றால், நான் சொன்ன தெருமுனைக் கடைக்குப் போங்கள். ஐந்நூறு ரூபாய். ஒழுங்காக நேரம் காட்டும். யாரிடமும் உங்களைப் போட்டுக் கொடுக்காது.