சத்தம் கேட்கும் தூரம் வரை யாருடைய காணி?
இராணுவத் தளங்களைச் சுற்றிய இயற்கைப் பாதுகாப்பும் அயலவர் உரிமையும்

இராணுவ முகாமுக்குப் பக்கத்தில் காணி வைத்திருப்பவர்களுக்கு ஓர் அச்சம் எப்போதும் உண்டு. இன்று வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் முகாம் நாளை இந்தப் பக்கம் வந்துவிடுமோ என்பதே அது. காட்டுக்குப் பக்கத்தில் காணி வைத்திருப்பவர்களுக்கும் இதே அச்சம்தான். முகாமும் காடும் ஒரே இடத்தில் சேர்ந்தால் நடுவில் இருக்கும் குடும்பத்தின் நிலை என்ன? வடக்கு முஸ்லிம்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. உலகின் மிகப் பெரிய இராணுவ வல்லரசு தன் சொந்த நாட்டுக்குள் இந்தக் கேள்வியை எப்படிக் கையாண்டது என்று பார்ப்பது நமக்குப் பயன்படும்.

ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அந்த இராணுவம் செய்ததை நாம் மறக்கவில்லை. ஆனால் ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து விலகச் செய்துவிடக் கூடாது என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 8 ஆவது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. நல்லதை நல்லதென்றும் கெட்டதைக் கெட்டதென்றும் பிரித்துப் பார்ப்பதே நம் வழி.

ஒரு மரங்கொத்தி நிறுத்திய பயிற்சி

வட கரோலினா மாநிலத்தில் போர்ட் பிராக் என்ற பெரும் இராணுவத் தளம் உள்ளது. வான்வழிப் படைப்பிரிவின் தாயகம் அது. அங்கே நீண்ட இலைப் பைன் மரக்காடுகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் அமெரிக்காவின் தென்கிழக்கில் சுமார் 90 மில்லியன் ஏக்கரில் பரந்திருந்த இந்தக் காடு, வெட்டியும் விவசாயத்துக்கு மாற்றியும் சுமார் 3 மில்லியன் ஏக்கராகச் சுருங்கிப்போனது. உயிருள்ள முதிர்ந்த பைன் மரத்தைக் குடைந்து கூடு கட்டும் ஒரு வகை மரங்கொத்தியும் அதோடு சேர்ந்து அருகியது. 1970 இல் அது அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது.

காடு வெளியே அழிந்தபோது தளத்துக்குள் மட்டும் மிஞ்சியது. அங்கே வீடு கட்ட யாருக்கும் அனுமதி இல்லை என்பது ஒரு காரணம். இந்தப் பைன் மரத்துக்கு அவ்வப்போது தரையோடு பரவும் நெருப்புத் தேவை என்பது இன்னொரு காரணம். பீரங்கிப் பயிற்சியில் மூளும் தீ, யாரும் திட்டமிடாமலேயே அந்தத் தேவையை நிறைவேற்றியது.

1990 இல் பிரச்சினை வெடித்தது. இராணுவத்தின் நடவடிக்கைகள் இந்தப் பறவையின் இருப்புக்கே ஆபத்து என்று மீன் மற்றும் வனவிலங்குச் சேவை எழுதிக் கொடுத்தது. சட்டப்படி இராணுவம் பயிற்சியைக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. பறவை கூடு கட்டிய மரங்களில் வெள்ளைப் பட்டை பூசி, சிப்பாய்கள் அதைச் சுற்றி விலகிச் செல்ல வேண்டிய நிலை வந்தது.

வேலிக்கு வெளியே காடு அழிய அழிய, வேலிக்குள் இருக்கும் காட்டின் மீது சுமை கூடும். இன்னொரு பக்கம், தளத்தின் எல்லை வரை புதிய வீடுகள் வந்தால் பீரங்கிச் சத்தம் பற்றிய முறைப்பாடுகள் வரும். இரவுப் பயிற்சிக்குத் தெருவிளக்குகள் இடைஞ்சலாகும். ஆகவே தளத்தைச் சுற்றியுள்ள காணி வெறுமையாகவே இருப்பதில் இராணுவத்துக்கும் பறவைக்கும் ஒரே நலன் இருந்தது.

பறிக்காமல் காப்பது எப்படி?

இந்த இடத்தில் ஓர் அரசாங்கம் வழமையாகச் செய்வது நமக்குத் தெரியும். காணியைச் சுவீகரிக்கும். ஆனால் அங்கே வேறொரு வழி தேடினார்கள். 1995 இல் இராணுவம் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றுடன் கூட்டு ஏற்பாடு செய்துகொண்டது. அயலிலுள்ள காணிகளை, விற்க விரும்புபவர்களிடம் மட்டும் விலை கொடுத்து வாங்குவது. விற்க விரும்பாதவர்களிடம், அதில் கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் விலை கொடுத்துப் பெறுவது. 2002 டிசம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் இதைச் சட்டமாக்கி எல்லா இராணுவத் தளங்களுக்கும் விரிவாக்கியது. இன்றுவரை 10 இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட காணி இந்த ஏற்பாட்டின் கீழ் வந்துள்ளது.

இரண்டாவது வழியைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். அதை அங்கே 'கன்சர்வேஷன் ஈஸ்மென்ட்' என்கிறார்கள். விவசாயி தன் காணியை இழப்பதில்லை. அதில் தொடர்ந்து பயிர் செய்யலாம், மாடு மேய்க்கலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம். அதைத் துண்டு போட்டு வீடுகள் கட்டும் உரிமை மட்டும் அவரிடமிருந்து நிரந்தரமாகப் போய்விடும். அதற்குரிய பெறுமதி மதிப்பிடப்பட்டு அவருக்குப் பணமாகக் கிடைக்கும். பின்னால் அந்தக் காணி யார் கைக்குப் போனாலும் நிபந்தனை தொடரும்.

வக்ஃப் பற்றி அறிந்தவர்களுக்கு இது முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. கைபரில் கிடைத்த காணியை உமர் (ரழி) அவர்கள் வக்ஃப் செய்தபோது, மூலத்தைத் தடுத்து வைத்து பயனை மட்டும் தர்மமாக்கும் வழியை நபி (ஸல்) அவர்கள் காட்டிக் கொடுத்தார்கள். வக்ஃப் காணியை விற்கவோ வாரிசுரிமையாக்கவோ முடியாது, ஈஸ்மென்ட் காணியை முடியும். அந்த வேறுபாடு பெரியது. எனினும் ஒரு காணியின் மீதுள்ள உரிமைகளைத் தனித்தனியாகப் பிரித்து, ஒன்றை மட்டும் என்றென்றைக்கும் பொது நலனுக்காகக் கட்டி வைக்கலாம் என்ற சிந்தனை இரண்டுக்கும் பொதுவானது.

2013 இல் இது இன்னொரு படி முன்னேறியது. பாதுகாப்பு, விவசாயம், உள்துறை ஆகிய மூன்று திணைக்களங்களும் சேர்ந்து, ஒரு தளத்தைச் சுற்றியுள்ள முழுப் பிரதேசத்தையும் ஒன்றாகத் திட்டமிடும் 'சென்டினல் லேண்ட்ஸ்கேப்' முறையைத் தொடங்கின. முதலில் தெரிவானது வாஷிங்டன் மாநிலத்தின் லூயிஸ் மெக்கோர்ட் கூட்டுத் தளம்.

மூன்று திணைக்களங்களுக்கும் மூன்று நோக்கங்கள். ஒன்றுக்குப் பயிற்சி நிலம், ஒன்றுக்கு விவசாயி, ஒன்றுக்கு வனவிலங்கு. இவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்க ஒவ்வொரு பிரதேசத்துக்கும் ஓர் இணைப்பாளர் இருக்கிறார். காணி உரிமையாளருடன் பேசுவது பெரும்பாலும் சீருடை அணிந்தவர் அல்ல. அந்த ஊர் அறிந்த ஒரு காணிப் பாதுகாப்பு நிதியம்தான் பேசுகிறது. உடன்படிக்கையை வைத்திருப்பதும், அது மீறப்படுகிறதா என்று கண்காணிப்பதும் அதுவே. இராணுவம் செலவில் ஒரு பங்கைத் தருகிறது; மற்றத் தரப்பினரும் தங்கள் பங்கைப் போட வேண்டும். விரும்பாத விவசாயி 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

பலன் என்ன? போர்ட் பிராக் அமைந்துள்ள பிரதேசத்தில் மரங்கொத்தியின் மீட்சி இலக்கு 2006 இல் எட்டப்பட்டது. இராணுவத்தின் கட்டுப்பாடுகளும் தளர்ந்தன. 2024 இல் அந்த இனமே 'அழியும் ஆபத்து' நிலையிலிருந்து ஒரு படி கீழிறக்கப்பட்டது.

நாணயத்தின் மறுபக்கம்

இத்தோடு நிறுத்தினால் பாதி உண்மையைச் சொன்னவர்களாவோம்.

முதலாவதாகத் தெரிவான அந்த வாஷிங்டன் தளம் எப்படி உருவானது? அங்கே வாழ்ந்த நிஸ்குவாலி பூர்வகுடிகளுக்கென ஒதுக்கப்பட்ட காணியில் மூன்றில் இரண்டு பங்களவு, 1917 இல் தொடங்கிய சுவீகரிப்பின் மூலம் இராணுவ முகாமுக்காக எடுக்கப்பட்டது. அந்தக் குடும்பங்களின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. இன்று தளத்தின் வேலிக்கு வெளியே இருக்கும் விவசாயியிடம் காட்டும் மரியாதை, நூறு வருடங்களுக்கு முன் வேலிக்கு உள்ளே இருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஹவாயில் 1964 இல் மாநிலத்துக்குரிய காணிகளை இராணுவம் 65 வருடக் குத்தகைக்கு எடுத்தது. குத்தகைப் பணம் ஒரே ஒரு டொலர். 2029 இல் அது முடிவடைகிறது. அங்குள்ள பூர்வகுடி மக்கள் திருப்பித் தரச் சொல்லிப் போராடுகிறார்கள்.

இன்னொரு குறையும் உண்டு. இந்தத் திட்டம் காணி உள்ளவருக்கே பணம் கொடுக்கிறது. தளத்துக்குப் பக்கத்தில் வாடகை வீட்டில் இருப்பவர் அதே பீரங்கிச் சத்தத்தைக் கேட்கிறார், அவருக்கு ஒன்றுமில்லை. பல தளங்களில் தீயணைப்பு நுரையிலிருந்த இரசாயனங்கள் நிலத்தடி நீரில் கலந்து அயலவர் கிணறுகளைக் கெடுத்திருக்கின்றன. பறவையைக் காத்ததற்கான பாராட்டு, கிணற்றைக் கெடுத்ததற்கான பதிலாகிவிடாது.

ஹிமா கற்றுத் தரும் அளவுகோல்

இந்த நல்லதையும் கெட்டதையும் நிறுத்துப் பார்க்க நம்மிடம் ஒரு தராசு இருக்கிறது. அதன் பெயர் ஹிமா, அதாவது பாதுகாக்கப்பட்ட மேய்ச்சல் நிலம்.

ஜாஹிலிய்யாக் காலத்தில் ஒரு கோத்திரத் தலைவன் செழிப்பான இடத்துக்கு வந்தால், உயரமான இடத்தில் நாயைக் குரைக்க விடுவான். அந்தச் சத்தம் கேட்கும் தூரம் வரை தனக்கே சொந்தம் என்று அறிவிப்பான் என ஃபிக்ஹ் நூல்கள் குறிப்பிடுகின்றன. நபி (ஸல்) அவர்கள் அதை ஒழித்தார்கள். ஹிமா அல்லாஹ்வுக்கும் அவனது தூதருக்கும் மட்டுமே உரியது என்று அறிவித்தார்கள். தனி மனிதனின் நலனுக்காக நிலத்தை ஒதுக்க முடியாது, பொது நலனுக்காக மட்டுமே முடியும் என்று இமாம்கள் இதை விளக்கினர். மதீனாவுக்கு அருகே நகீஃ என்ற இடம் ஹிமாவாக்கப்பட்டது, போர்க் குதிரைகள் மேய்வதற்காக. ஆகவே இராணுவத் தேவையும் நிலப் பாதுகாப்பும் சேர்ந்து வருவது நமக்குப் புதிதல்ல.

உமர் (ரழி) அவர்கள் ஹிமாவுக்குப் பொறுப்பாக ஹுனை என்பவரை நியமித்தபோது சொன்ன அறிவுரை புகாரியில் பதிவாகியுள்ளது. அதன் கருத்து இது: மக்களிடம் மென்மையாக நடந்துகொள், அநீதி இழைக்கப்பட்டவனின் பிரார்த்தனையை அஞ்சு. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உள்ளவனை உள்ளே விடு. இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் போன்ற செல்வந்தர்களின் மந்தைகளை விடாதே; அவை அழிந்தாலும் அவர்களுக்குத் தோட்டங்கள் இருக்கின்றன. ஏழையின் மந்தை அழிந்தால் அவன் பிள்ளைகளுடன் என் வாசலுக்கு வருவான். நான் அநீதி செய்துவிட்டதாக அவர்கள் எண்ணுகிறார்கள். இது அவர்களுடைய மண்தான். அல்லாஹ்வின் பாதையில் மக்களை ஏற்றி அனுப்பும் பிராணிகள் மட்டும் இல்லாவிட்டால் அவர்களுடைய மண்ணில் ஒரு சாண் கூட ஒதுக்கியிருக்க மாட்டேன்.

இதில் மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன. தேவை உண்மையாக இருக்க வேண்டும். அது மக்களின் மண் என்பதை ஆட்சியாளர் ஒப்புக்கொள்ள வேண்டும். சுமை ஏழையின் தலையில் விழக் கூடாது. இதன்படி பார்த்தால், அமெரிக்கத் திட்டம் இரண்டாவது நிபந்தனையில் இன்றைய விவசாயிக்கு நீதி செய்கிறது. நிஸ்குவாலி மக்களுக்குச் செய்யவில்லை. மூன்றாவதில் தடுமாறுகிறது.

நம் வாசலில்

இதே தராசை நம் மண்ணில் வைத்துப் பாருங்கள். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடக்கு முஸ்லிம்களில் முசலிப் பிரதேச மக்களும் அடங்குவர். இருபது வருடங்களாக யாரும் இல்லாத வயல்களிலும் வளவுகளிலும் காடு வளர்ந்தது. போர் முடிந்து மக்கள் திரும்பியபோது, மறிச்சுக்கட்டி, கரடிக்குளி பகுதிகளிலுள்ள காணிகள் 2012 இல் வர்த்தமானி மூலம் வன ஒதுக்கீட்டுக்குள் வந்திருந்தன. 2017 இல் இன்னொரு வர்த்தமானி சுமார் 40,000 ஹெக்டேயரை மாவில்லு வன ஒதுக்கீடு என அறிவித்தது. சிலாவத்துறையில் முஸ்லிம் குடும்பங்களின் காணியில் கடற்படை முகாம் அமைந்தது. முள்ளிக்குளத்தில் கத்தோலிக்கச் சகோதரர்களின் ஊரிலும் அவ்வாறே.

காடு வேண்டாம் என்று நாம் சொல்ல முடியாது, அது அமானிதம். வில்பத்துவுக்கு வடக்கே மீள்குடியேற்றத்துக்காகக் காடு வெட்டியது சட்டவிரோதம் என 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் மறைக்கக் கூடாது. ஆனால் துரத்தப்பட்டவனின் வயலில் வளர்ந்த மரத்தைக் காரணம் காட்டி அந்த வயலையே எடுப்பதும், யாருடையதோ அந்தக் காணி என்று கேட்காமலேயே எல்லை கீறுவதும் பாதுகாப்பு ஆகாது. நாயின் சத்தத்துக்குப் பதிலாக வர்த்தமானி வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவனின் கழுத்தில் ஏழு பூமிகள் மாலையாக இடப்படும் என்ற எச்சரிக்கை, தனி மனிதனுக்கும் திணைக்களத்துக்கும் பொதுவானது.

நாம் செய்யக் கூடியவை சில இருக்கின்றன. உறுதி, அனுமதிப் பத்திரம், பழைய வரிச் சிட்டை, பள்ளிவாசல் பதிவு என்று கிடைக்கும் ஒவ்வோர் ஆவணத்தையும் பிரதி எடுத்துப் பாதுகாப்பாக வையுங்கள். காணி பற்றிய வர்த்தமானி அறிவித்தல்களை வாசித்து விளக்க ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒருவரையாவது நியமிக்கட்டும். ஆட்சேபனைக்குரிய நாட்கள் கடந்தபின் அழுவதில் பயனில்லை. முள்ளிக்குளம் மக்களோடும் காணி இழந்த தமிழ்ச் சகோதரர்களோடும் சேர்ந்து பேசுங்கள். இது முஸ்லிம்களின் பிரச்சினை மட்டுமல்ல. வெறுமனே 'எங்கள் காணியைத் தாருங்கள்' என்று கேட்பதோடு நில்லாமல், 'எங்கள் காணி எங்களிடம் இருக்கட்டும், அதிலுள்ள காட்டை நாங்களும் சேர்ந்து காக்கிறோம், அதற்குரிய உடன்படிக்கையை எழுதுவோம்' என்று சொல்லவும் நாம் தயாராக வேண்டும். அப்படியொரு வழி உலகில் இல்லை என்று இனி எந்த அதிகாரியும் சொல்ல முடியாது.

தன் காணியை இழந்து தவிக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அல்லாஹ் நீதியைக் கிடைக்கச் செய்வானாக. பூமியில் அவன் ஒப்படைத்த அமானிதத்தைப் பேணுபவர்களாக நம்மை ஆக்குவானாக. ஆமீன்.