சுரங்க ஊர் மனைக்குச் சந்தை விலையா?

சுரங்க ஊரில் புது மனை பிரித்தால் உடனே ஒரு வாதம் கிளம்பும்: “ஏலம் விடுங்கள். சந்தை சொல்வதுதான் நியாய விலை.” மேற்கு ஆஸ்திரேலியாவின் இரும்புத்தாதுத் துறைமுகமான போர்ட் ஹெட்லண்டைப் பார்த்தவர்கள் இதை அவ்வளவு சுலபமாகச் சொல்ல மாட்டார்கள்.

அங்கே ஏலம் கேட்கக்கூடியவர் யார்? 2012 வாக்கில் ஒரு வீட்டின் வார வாடகை 2,000 ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது. அதைத் தாங்கியவை நிறுவனங்கள். அந்த வாடகையை நம்பிப் பணம் போட்டவர்களில் பலர் அந்த ஊரில் ஒருநாளும் குடியிருக்கப் போகாத முதலீட்டாளர்கள். பள்ளி ஆசிரியரும் முடிதிருத்துபவரும் அவர்களோடு போட்டிபோட முடியுமா? விலையை ஏற்றியவை, தாது வாங்கிய சீனாவின் எஃகு ஆலைகள். 2011இல் டன் 180 அமெரிக்க டாலருக்கு மேல் விற்ற தாது, 2015 டிசம்பரில் 40க்கும் கீழே போனது. 10 லட்சம் டாலரை எட்டிய வீடுகள் பாதி விலைக்கும் போகவில்லை. கடன் மட்டும் அப்படியே நின்றது. இதில் எந்த ஆண்டின் விலை நியாய விலை?

“நிலம் அரிது, அதனால் விலை ஏறுகிறது” என்பது அடுத்த வாதம். போர்ட் ஹெட்லண்ட் இருக்கும் பில்பரா வட்டாரம் ஏறக்குறைய 5 லட்சம் சதுர கிலோமீட்டர். மக்களோ சுமார் 60,000 பேர். பஞ்சம் நிலத்துக்கு அல்ல. குடிநீர், கழிவுநீர்க் குழாய், மின்சாரம் வந்து சேர்ந்த மனைக்குத்தான். புயலில் கடல் ஏறும் தாழ்நிலத்தை மண் கொட்டி உயர்த்த வேண்டும். பூர்வகுடிகளின் நில உரிமை குறித்து அவர்களோடு உடன்பாடு காண வேண்டும். இதிலெல்லாம் அரசுக்குத்தான் முதல் பொறுப்பு. தன் தாமதத்தால் ஏறிய விலையைத் தானே லாபமாக எடுத்துக்கொள்வது என்ன நியாயம்?

ஏலம் விட்டால் அரசின் கஜானா நிறையுமாம். அதே கஜானாதான் ஆசிரியருக்கும் காவலருக்கும் அந்த ஊரில் வாடகை வீடு பிடித்துத் தருகிறது.

“மலிவாகக் கொடுத்தால் வாங்கியவன் மறுநாளே கைமாற்றி விடுவான்.” இந்த வாதத்தில் மட்டும் வலு இருக்கிறது. ஆனால் அதற்கு மருந்து விலையில் இல்லை, கிரயப் பத்திரத்தின் நிபந்தனையில் இருக்கிறது.

மனை மலிந்தால் மட்டும் வீடு எழும்பிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். புயலைத் தாங்கும் கட்டுமானம் வேண்டும். ஆளும் பொருளும் 1,600 கிலோமீட்டர் தள்ளி பெர்த்திலிருந்து வர வேண்டும். கட்டும் செலவு வீட்டின் மதிப்பை மிஞ்சினால் வங்கி கடன் தரத் தயங்கும். அப்படியிருக்க மனை விலையையும் ஏற்றுவது, கட்ட நினைப்பவரையும் விரட்டுவதுதான்.

ஆகவே சாலை, குழாய், மண்ணடிப்புக்கு ஆன செலவைக் கணக்கோடு வெளியிட்டு, அதையே மனை விலையாக வையுங்கள். ஊரில் வேலை பார்த்துக் குடியிருப்பவர்களுக்குக் குலுக்கலில் கொடுங்கள். இரண்டு ஆண்டில் வீடு எழும்பாவிட்டால், விற்ற விலைக்கே மனையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.