பூனைக்கு ஸ்டீராய்டு: பயமும் வேண்டாம், பழக்கமும் வேண்டாம்

"ஸ்டீராய்டா? ஐயோ, வேண்டவே வேண்டாம்" என்பவர்கள் ஒரு கட்சி. "ஒரு மாத்திரை போட்டால் போதும், அரிப்பு பறந்துவிடும்" என்பவர்கள் இன்னொரு கட்சி. பெரம்பலூரிலும் அரியலூரிலும் பூனை வளர்க்கும் நம் வயதுக்காரர்களிடம் பேசிப் பார்த்தால், இந்த இரண்டில் ஒன்றில்தான் இருக்கிறார்கள். இரண்டுமே பூனைக்கு நல்லதல்ல என்பது என் கருத்து.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது கருப்புப் பூஞ்சை நோய் வந்து பலர் கண்ணை இழந்தார்கள், உயிரையும் இழந்தார்கள். கட்டுக்கு அடங்காத சர்க்கரையும் அளவு மீறிய ஸ்டீராய்டும் முக்கியக் காரணங்கள் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அன்றிலிருந்து அந்தப் பெயரே பலருக்கு ஆகாது.

காரைக்காலில் நான் பிரெஞ்சு வழியில் படித்தபோது ஒரு பழமொழி சொல்லிக் கொடுத்தார்கள்: 'ஷா எஷோதே க்ரேன் லோ ஃப்ருவாத்'. சுடுதண்ணீர் பட்ட பூனை பச்சைத் தண்ணீருக்கும் பயப்படும் என்று பொருள். நம் ஊரில் 'சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது' என்கிறோம். நம்முடையது எச்சரிக்கை, அவர்களுடையது வீண் பயம். ஸ்டீராய்டு விஷயத்தில் நமக்கு வேண்டியது எச்சரிக்கை மட்டுமே.

இந்த மருந்தின் கதையும் அதைத்தான் சொல்கிறது. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு கார்ட்டிசோன் ஊசி போட்டார்கள். சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதன் பிறகுதான் முகம் வீங்குவது, சர்க்கரை ஏறுவது, எலும்பு தேய்வது போன்ற தொல்லைகள் நன்றாகத் தெரியவந்தன. மருந்து பொய்யில்லை, அதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் பொய்யில்லை.

பூனைக்கும் இதே கணக்குதான். ஆஸ்துமா வந்த பூனை உடம்பைக் குறுக்கி, கழுத்தை நீட்டி இருமும். அதற்கு ஸ்டீராய்டுதான் முதன்மையான மருந்து. பயந்து மறுத்தால் மூச்சுத் திணறும். எங்கள் வீட்டு மினூவுக்குக் கழுத்திலும் முதுகிலும் அரிப்பு வந்து, நக்கி நக்கி முடி கொட்டியது. கால்நடை மருத்துவர் சீப்பால் வாரிப் பார்த்து, "ஐயா, இது தெள்ளுப்பூச்சி ஒவ்வாமை. மாத்திரை அரிப்பைத்தான் நிறுத்தும், பூச்சியை நிறுத்தாது" என்றார். சில நாட்களுக்கு மாத்திரை கொடுத்தார். கூடவே பூச்சிக்கு மருந்தும், படுக்கைத் துணியை வெந்நீரில் அலசும் வேலையும். நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் கலந்த மருந்தைத் தொடவே கூடாது, பூனைக்கு அது விஷம் என்றும் எச்சரித்தார்.

அலுவலக மொழியில் சொன்னால், ஸ்டீராய்டு ஓர் இடைக்காலத் தடை உத்தரவு. வழக்கு முடியவில்லை. காரணத்தைத் தேடாமல் தடையை மட்டும் நீட்டித்துக்கொண்டே போனால் பிரச்சினை உள்ளே வளரும். அரிப்புக்குக் காரணம் படர்தாமரையாக இருந்தால், ஸ்டீராய்டு அதை இன்னும் பரப்பும். வீட்டிலுள்ள பேரக் குழந்தைக்கும் தொற்றும்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மூச்சிரைப்புக்கோ மூட்டுவலிக்கோ நமக்கு எழுதிக் கொடுத்த அட்டை மேசை டிராயரில் கிடக்கும். அதில் பாதியை உடைத்துப் பூனைக்குக் கொடுக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. இது எடையை வைத்து வகுத்துப் பார்க்கும் கணக்கு அல்ல. பிரெட்னிசோன் என்ற மருந்தைக் கல்லீரல் பிரெட்னிசோலோனாக மாற்றினால்தான் அது வேலை செய்யும். பூனையின் உடம்பில் அந்த மாற்றம் சரியாக நடப்பதில்லை. அதனால்தான் மருத்துவர்கள் பூனைக்கு நேராக பிரெட்னிசோலோனையே எழுதுகிறார்கள். வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் வயிறு புண்ணாகும். பாராசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் கொடுத்தார். பூனை கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடித்தது, நிறையத் தின்றும் இளைத்தது. கடைசியில் பார்த்தால் சர்க்கரை நோய். மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்ற விதி வெறும் காகிதம் அல்ல.

நல்லாயிற்று என்று திடீரென நிறுத்துவதும் தவறு. சிறுநீரகத்துக்கு மேலே உள்ள சுரப்பி தானே சுரக்கும் பொருளின் வேலையைத்தான் இந்த மாத்திரை செய்கிறது. பல வாரங்கள் வெளியிலிருந்து கிடைத்தால், சுரப்பி தன் வேலையை விட்டுவிடும். பதில் ஆளை ஒரே நாளில் அனுப்பிவிட்டால் நாற்காலி காலி. அதனால்தான் தினமும் என்பதை ஒருநாள் விட்டு ஒருநாள் என்று படிப்படியாகக் குறைக்கிறார்கள்.

ஆகவே மருத்துவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். காரணம் என்ன? எத்தனை நாள்? எப்படிக் குறைப்பது? எந்த அறிகுறி தெரிந்தால் திரும்ப வர வேண்டும்? மாடும் ஆடும் நிற்கும் அரசு கால்நடை மருந்தக வரிசையில், பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு நின்றால் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வரிசையில் நின்று, அந்த நான்கு கேள்விக்கும் பதில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.