இச்சகம் கேட்ட காதுகள்

மகராசன் வேதமாணிக்கம் பேரைச் சொல்லாமல் இந்த மாவட்டத்தில் சபை ஆண்டுவிழா மேடை இறங்குகிற பேச்சாளர் அபூர்வம். அவர் விதையாம், வேராம். கிறிஸ்துவுக்குள் சாதி இல்லையாம். நாமும் ஆமென் சொல்லி, அசனச் சோறும் தின்னுட்டு வீடு திரும்புகிறோம்.

மயிலாடி சாம்பவர் அவர். தஞ்சாவூர் வரை நடந்து வேதத்தைத் தேடிப் போனவர். அவர் வேண்டித்தான் 1806-இல் ரிங்கல்தௌபே திருவிதாங்கூருக்குள் வந்தார். 1809-இல் மயிலாடி ஆலயம் எழும்பியது. 1816-இல் ரிங்கல்தௌபே புறப்பட்டபோது சபைகளை ஒப்படைத்தது யாரிடம்? வேதமாணிக்கத்திடம். மீட் வந்து பொறுப்பேற்கும் வரை அவர்தான் மேய்த்தார். மேய்ப்பனை 'விதை' ஆக்குவது என்ன தந்திரம் பாத்தியளா? விதை மண்ணுக்குள்ள கிடக்கும். மேய்ப்பன்னா நாற்காலி குடுக்கணுமே!

நான் மாணவனா இருந்தப்ப ஒரு வாலிபர் கூட்டத்தில், சபைப் பள்ளிக்கூட வேலையில் நம்மாளு எத்தனை பேருன்னு எழுந்து கேட்டேன். விருந்தினர் இறங்கி வந்து தோளில் கைபோட்டு, 'இப்படி அறிவுள்ள தம்பிதான் சபைக்கு வேணும்' என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். பதில் வரல்ல. ஆனா எனக்கு சந்தோசமா இருந்துது. அதுதான் கேவலம்.

ஆகாப் ராஜாவுக்கு ஜெயம் ஜெயம் என்று 400 தீர்க்கதரிசிகள் இச்சகம் பேசினார்கள். மிகாயா ஒருத்தன் தோல்வி என்றான். கன்னத்தில் அறை வாங்கினான், சிறைக்குப் போனான். பிரசங்கம் கேட்கும்போது நாம் எல்லாருமே நம்மை மிகாயாவா நினைச்சுக்கிடுதோம். இல்லை தோழர்களே, பிடிச்சதை மட்டும் கேட்ட ஆகாப்பும் நாம்தான். சொன்னவனுக்கு அந்தச் சொல்லால் என்ன நட்டம் வந்தது? இதைக் கேட்டாலே பாதி வேசம் கலைஞ்சிரும்.

1950 ஆகஸ்ட் 10 ஆணை தலித் கிறித்தவரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பவுத்தருக்கும் திறந்த கதவு நமக்குத் திறக்கவில்லை. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது, 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஆகஸ்ட் 10 தோறும் ஆயர்களும் கருப்புக்கொடி பிடிக்கிறார்கள். கோரிக்கை நியாயம், நாமும் போவோம். ஆனால் தில்லியைத் திட்ட ஆயருக்கு என்ன செலவு?

2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, திருச்சபைக்குள் தீண்டாமை உண்டு என்று தன் கொள்கை அறிக்கையிலேயே ஒத்துக்கொண்டது. தனக்கு எதிராகத் தானே பேசிய பேச்சு அது. அதை மதிக்கிறேன். நாம் என்ன செய்தோம்? ஒத்துக்கிட்டதே பெருசு என்று அதற்கும் கைதட்டிட்டு உட்கார்ந்துவிட்டோம். சீர்திருத்த சபைக்காரர்களோ, அது அவங்க வீட்டு அழுக்கு என்று வேடிக்கை பார்த்தோம்.

அடுத்த ஆகஸ்ட் 10-க்குக் கொடியோடு ஒரு வெள்ளைத்தாளும் கொண்டு போவோம். பேராயமோ மறைமாவட்டமோ, பள்ளி, கல்லூரி, ஆஸ்பத்திரி, நிர்வாகக் குழு: எதில் நம்மாளு எத்தனை பேர்? தோளில் கை விழும். கையை எடுங்க அய்யா, எண்ணிக்கையை எழுதுங்க.