பக்கவிளைவு என்னும் சொல்

மனச்சோர்வைப் பற்றி எழுதுவதில் தமிழ் இலக்கியத்துக்குக் கூச்சம் இருந்ததில்லை. அதற்கு உட்கொள்ளப்படும் மாத்திரையைப் பற்றி எழுதத்தான் தயக்கம். நம் கதைகளில் மனிதர்கள் உறக்கமிழக்கிறார்கள், கடற்கரையில் வெறுமனே அமர்ந்திருக்கிறார்கள், மௌனமாகிறார்கள். காலையில் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு, வாய் உலர்ந்து, கோப்புகளுக்கு நடுவே கொட்டாவியை அடக்கிக்கொண்டிருக்கும் குமாஸ்தாவை அநேகமாக நாம் சந்திப்பதேயில்லை. மூலக்குளத்தில் மாதமொருமுறை கூடிப் புத்தகங்களைப் பேசிக்கொள்ளும் எங்களுள் சிலர் இம்மாத்திரைகளை உட்கொண்டவர்கள்; சிலர் இன்னும் உட்கொள்பவர்கள். ஆண்டுக்கணக்கில் பழகியும் அதுபற்றி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. அண்மையில் பேச நேர்ந்தபோது வியப்பளித்தது நோயின் கதையன்று; ஒரே நோய்க்கு வெவ்வேறு மாத்திரைகள் தரப்பட்டிருந்தன என்பதும், ஏன் இது, ஏன் அதுவன்று என்பது எங்களில் எவருக்கும் சொல்லப்பட்டிருக்கவில்லை என்பதுமே.

இது சில வாசகர்களின் தனிக்கவலை என்று ஒதுக்கிவிட முடியாத ஊர் இது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2015ஆம் ஆண்டுக் கணக்கில், இலட்சம் பேருக்கு 43.2 என்ற அளவில் தற்கொலை விகிதத்தில் நாட்டிலேயே முதலிடத்தில் நின்றது புதுச்சேரி. அவ்வாண்டு நாட்டின் சராசரி 10.6. 2022இல் அது 29.7ஆகக் குறைந்திருந்தது, அப்போதும் நாட்டின் சராசரி 12.4தான். எல்லாத் தற்கொலைகளுக்கும் மனச்சோர்வே காரணம் என்று சொல்லிவிட இயலாது. கடன், குடி, குடும்பம் எல்லாம் அதில் உண்டு. ஆயினும், மருத்துவம் தொடங்கிய ஒருவர் பாதியில் விட்டுவிடுவது இவ்வூரில் அற்பமான செய்தியன்று. எங்களுள் பாதியில் விட்டவர்கள் அனைவரும் விட்டது நோய் தீர்ந்ததால் அன்று. பக்கவிளைவால்.

இச்சொல்லையே சற்று நின்று பார்க்க வேண்டும். எந்த விளைவு நடுவில் நிற்கிறது, எது பக்கத்தில் நிற்கிறது என்று தீர்மானிப்பவர் யார்? மனச்சோர்வு மருந்துகளின் வரலாறே பக்கவிளைவில் தொடங்குகிறது. 1952இல் அமெரிக்காவில் காசநோயாளிகளுக்கு ஐப்ரோனியஸிட் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, நுரையீரலைக் காட்டிலும் அவர்கள் முகம் தெளிந்தது. காசநோய்க்கு அது பக்கவிளைவு. ஐந்து ஆண்டுகளுக்குள் அதுவே மருந்தாயிற்று. அதே 1952இல், புதுச்சேரி இன்னும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோது, பாரிஸின் சேன்ட் ஆன் மருத்துவமனையில் குளோர்ப்ரோமஸின் மனநோயாளிகளுக்குத் தரப்பட்டது. அதன் வேதியியல் உறவினன் ஒன்றை மனச்சிதைவுக்கு உதவுமா என்று சோதித்த சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோலண்ட் கூன், அது அந்நோய்க்கு உதவாமல் சோர்ந்தவர்களை எழுப்புவதைக் கண்டு 1957இல் அறிவித்தார். அதுதான் இமிப்ரமின். இன்றும் விற்பனையிலுள்ள அமிட்ரிப்டிலின் அக்குடும்பத்தைச் சேர்ந்தது. இன்னொன்று: இக்கால மாத்திரைகள் பலவற்றில் உடலுறவின் உச்சம் தாமதமாவது பக்கவிளைவு. அதே வகையைச் சேர்ந்த டாபாக்ஸெடினில் அத்தாமதம்தான் சரக்கு. விந்து முந்துதலுக்கென்று அது கடைகளில் விற்கிறது.

ஆக, பக்கம் என்பது பார்ப்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. இதை நாங்கள் சொல்விளையாட்டாகச் சொல்லவில்லை. 2018இல் லான்செட் இதழில் அந்திரேயா சிப்ரியானியும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, 21 மருந்துகளைப் பற்றிய 522 பரிசோதனைகளை, 1,16,477 பேரின் விவரங்களோடு ஒன்றாக வைத்துப் பார்த்தது. இருபத்தொன்றுமே போலி மாத்திரையைவிட மேலானவை. ஆனால் அந்த மேன்மை பெரும்பாலும் மிதமானது, அவற்றுக்கு இடையிலான வேறுபாடு அதனினும் சிறியது. அவை பெரும்பாலும் எட்டு வாரக் கணக்குகள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. குணமளிப்பதில் வேறுபாடு சிறிதென்றால், ஒரு மருந்தை விட்டு இன்னொன்றைத் தேர்வது பெரும்பாலும் எந்தத் தொல்லையைத் தேர்வது என்பதுதான். அந்தத் தொல்லையைச் சுமக்கப்போகிறவரைக் கேளாமல் அத்தேர்வு எப்படி நடக்க முடியும் என்பதே எங்கள் கேள்வி.

வேறுபாடுகள் அற்பமானவையல்ல. அமிட்ரிப்டிலின் பழையது, மலிவானது, வலுவானது. வாய் வறளும், மலம் கட்டும், பார்வை மங்கும், எடை ஏறும். வயதான ஆண்களுக்குச் சிறுநீர் தடைப்படும். இதயநோய் உள்ளவர்களுக்கு ஆகாது. இரவு முழுதும் விழித்துக் கிடப்பவருக்கு அது தரும் தூக்கம் வரம். விடிகாலை நான்கு மணிக்குப் பேருந்து ஓட்ட வேண்டியவருக்கு அதே தூக்கம் விபத்து. ஃப்ளூஆக்ஸெடின் இதற்கு மறுகோடி: சிலரைப் பதற்றப்படுத்தும், உறக்கத்தைக் கலைக்கும், பசியைக் குறைக்கும். உடலில் நெடுநாள் தங்குவதால் ஒருநாள் மறந்தாலும் பெரிதாகத் தண்டிப்பதில்லை. செர்ட்ரலின் வயிற்றைக் கலக்கும். எஸ்சிட்டலோப்ராம் பலருக்கும் பொறுக்கக்கூடியது, ஆனால் அளவு கூடினால் இதயத்துடிப்பின் மின்னோட்டத்தைக் கவனிக்க வேண்டும். பராக்ஸெடினை நிறுத்துவது கடினம். வென்லாஃபாக்ஸின் இரத்த அழுத்தத்தை ஏற்றலாம். மிர்ட்டஸபின் பசியையும் உறக்கத்தையும் அள்ளிக் கொடுக்கும். மெலிந்து துரும்பாகிவிட்ட முதியவருக்கு அது அருமருந்து, சர்க்கரை நோயோடு போராடுபவருக்குக் கூடுதல் சுமை. ஃப்ளூஆக்ஸெடின், செர்ட்ரலின் வகையை உண்ணும் முதியவர்களின் இரத்தத்தில் சோடியம் குறைந்து தடுமாற்றம் வரலாம்; வீட்டார் அதை மூப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். மூட்டுவலிக்குத் தாமே வாங்கிப் போடும் வலிமாத்திரை இவற்றோடு சேர்ந்தால் இரைப்பையில் இரத்தக்கசிவுக்கு வாய்ப்பு கூடுகிறது. நம் வீடுகளில் வலிமாத்திரை யாரைக் கேட்டு வாங்கப்படுகிறது?

எஸ்சிட்டலோப்ராமும் க்ளோனஸெபாமும் ஒரே மாத்திரைக்குள் அடங்கி நம் நாட்டில் தாராளமாக எழுதித் தரப்படுவது தனியே பேசத்தக்கது. முதல் வாரங்களின் பதற்றத்தைத் தணிக்க இரண்டாவது மருந்து உதவும் என்பது மெய். ஆனால் அது பழக்கத்துக்கு அடிமைப்படுத்தக்கூடியது. சில வாரங்களில் விலக்க வேண்டியது. இரண்டும் ஒரே வில்லைக்குள் இருக்கையில் ஒன்றை மட்டும் எப்படி விலக்குவது? இரண்டு ஆண்டுகளாக இதை விழுங்கிவந்த எங்கள் நண்பர் ஒருவருக்குத் தாம் உண்பது இரண்டு மருந்துகள் என்பதே தெரியாது. கடைக்காரர் கத்தரித்துக் கொடுக்கும் அட்டைத் துண்டில் பாதிப் பெயர்தான் இருக்கும், அதுவும் ஆங்கிலத்தில்.

இனி மொழிக்கு வருவோம். இலக்கிய வாசகர்கள் இதில் மூக்கை நுழைப்பதற்கான நியாயம் அங்கேதான் இருக்கிறது. கோரிமேட்டிலோ கதிர்காமத்திலோ அரசு மருத்துவமனைக்குச் செல்பவர் தனியே செல்வதில்லை. மனைவியோ மாமியாரோ அண்ணனோ உடன் இருப்பார்கள். இம்மாத்திரைகளால் மிகப் பரவலாக நேர்வதும் மிகக் குறைவாகச் சொல்லப்படுவதும் உடலுறவு சார்ந்த தொல்லைகள். அதைச் சொல்ல நம்மிடம் இருப்பவை இரண்டே மொழிகள்: ஒன்று லாட்ஜ் மருத்துவர்களின் சுவரொட்டி மொழி, மற்றது 'தாம்பத்தியத்தில் நாட்டமின்மை' என்கிற வானொலி மொழி. மாமியாரின் முன்னிலையில் ஒரு பெண் எதைத் தேர்வாள்? 'ஒண்ணுமில்ல சார், நல்லாதான் இருக்கேன்' என்பாள். வீடு திரும்பி மாத்திரையை நிறுத்துவாள். மருத்துவரின் கோப்பில் அவள் ஒத்துழையாத நோயாளி. தனியே ஐந்து நிமிடம் அவளைக் கேட்டிருந்தால் மாற்று மருந்து இருந்தது. மிர்ட்டஸபினும் புப்ரோபியனும் இவ்விஷயத்தில் குறைந்த தொல்லை தருபவை. ஆனால் வலிப்பு உள்ளவர்களுக்குப் புப்ரோபியன் கூடாது. நீண்ட வரிசையில் ஐந்து நிமிடம் எங்கே என்று மருத்துவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. மறுமுறை வரும் நோயாளிக்கும் மாற்றப்படும் மருந்துக்கும் செலவாகும் நேரத்தை யாரும் எண்ணுவதில்லை என்பதிலும் நியாயம் இருக்கிறது.

பக்கவிளைவுகளை முன்கூட்டியே சொன்னால் நோயாளி பயந்து மாத்திரையையே தொடமாட்டார் என்று ஒரு வாதம் உண்டு. சொல்லப்பட்டதாலேயே சிலருக்குச் சில தொல்லைகள் தோன்றும் என்பதும் மெய்யே. ஆனால் சொல்லாமல் விடுவதன் விலை என்ன என்று பார்க்க வேண்டும். இம்மருந்துகளின் விசித்திரம், தொல்லை முதலில் வரும், பலன் பின்னர் வரும் என்பது. குமட்டலும் தலைச்சுற்றலும் முதல் வாரத்தில். மனம் சற்றே எழுவதற்கு இரண்டு முதல் ஆறு வாரம். இந்தக் காலவரிசை தெரியாதவர் பத்தாம் நாள் என்ன முடிவுக்கு வருவார்? 'மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்றுதான். இளையோர் விஷயத்தில் மௌனம் இன்னும் ஆபத்தானது. தொடக்க வாரங்களில் சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004இல் கட்டாய எச்சரிக்கை விதித்து, 2007இல் 24 வயது வரை அதை நீட்டியது. நிலைகொள்ளாத தவிப்பு, திடீர்ச் சினம் ஆகியவற்றைக் கண்டால் உடனே மருத்துவரிடம் அழைத்துவர வேண்டும் என்று வீட்டாருக்குத் தமிழில் சொல்லப்பட்டாக வேண்டும்.

நிறுத்துவதைப் பற்றியும் அதே மௌனம். 2024இல் லான்செட் மனநல இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, மருந்தை நிறுத்தியவர்களில் 31 விழுக்காட்டினருக்கு ஏதேனுமொரு தொல்லை நேர்ந்தது. போலி மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 விழுக்காட்டினருக்கு நேர்ந்தது. கடுமையானது ஏறத்தாழ 35 பேரில் ஒருவருக்கு. இந்த எண்களில் பீதிக்கும் இடமில்லை, அலட்சியத்துக்கும் இடமில்லை. எங்களுள் ஒருவர் தீபாவளிக்கு ஊருக்குப் போகையில் வென்லாஃபாக்ஸினை மறந்து போனார். இரண்டாம் நாள் கண்ணைத் திருப்பும்போதெல்லாம் மண்டைக்குள் 'சுரீர் சுரீரென்று மின்சாரம் வெட்டியது' என்றார். நோய் முற்றிவிட்டது என்றே அவரும் வீட்டாரும் நம்பினர். அது மருந்தை நிறுத்தியதால் வருவது, மருத்துவரைக் கேட்டு வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலும் தணிவது என்று அறிந்திருந்தால் அந்தப் பண்டிகை அப்படிக் கழிந்திருக்காது.

அவர் சொன்ன அந்த வாக்கியத்தை, இன்னும் இருபது முப்பது வாக்கியங்களோடு, ஒரே தாளில் தமிழில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். நாங்கள் மருத்துவர்களல்லர், ஆகவே மருத்துவர் ஒருவர் சரிபார்த்த பின்னரே அது எவர் கைக்கும் போகும். தாளின் அடியில், தமிழிலும் பேசலாம் என்ற குறிப்போடு, 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் 14416 என்ற இலவச எண் இருக்கும். 'மண்டைக்குள் மின்சாரம்' என்பதை அப்படியே வைப்பதா, 'மின்னதிர்ச்சி போன்ற உணர்வு' என்று திருத்துவதா என்பதில் மட்டும் கூட்டத்தில் இன்னும் சண்டை தீரவில்லை.