கெய்ரோவை விட்டுப் போகாதவர்

பாப் பிராட்லி கால்பந்து ஆட்டக்காரராகப் பேர் வாங்கியவர் இல்லை. நியூ ஜெர்சிக்காரர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அணிக்கு ஆடினார், அதோடு சரி. தேசிய அணிச் சட்டையை ஒரு நாளும் போட்டதில்லை. 22 வயதிலேயே ஒஹையோ பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளர் ஆகிவிட்டார்.

1998இல் சிகாகோ ஃபயர் என்ற புத்தம்புது அணிக்கு முதல் வருஷமே இரண்டு கோப்பை வாங்கிக் கொடுத்தார். பிறகு அமெரிக்கத் தேசிய அணி. மகன் மைக்கேலை அதில் சேர்த்ததற்கு வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல. (அப்பா பதவியை விட்டுப் போன பிறகும் அந்தப் பிள்ளை அணித் தலைவராகி மொத்தம் 151 ஆட்டம் ஆடினார்.) 2009இல், 35 ஆட்டமாகத் தோற்காமல் வந்த ஸ்பெயினை 2–0 என்று மடக்கினார்கள். 2011 கோல்டு கோப்பை இறுதியில் மெக்சிகோவிடம் தோற்றதும் அவர் வேலை போயிற்று.

அந்த செப்டம்பரில் எகிப்து தன் தேசிய அணிக்குக் கூப்பிட்டது. அதிபர் முபாரக் பதவி இழந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. அமெரிக்கர் ஒருவர் அந்த நேரத்தில் கெய்ரோவில் போய்க் குடியேறுவது சாதாரணக் காரியமில்லை. பிராட்லி மனைவியோடு போனார்.

2012 பிப்ரவரி 1. போர்ட் சைது நகரில் அல் மஸ்ரிக்கும் கெய்ரோவின் அல் அஹ்லிக்கும் ஆட்டம். கடைசி விசில் ஊதியதும் உள்ளூர்க் கூட்டம் அல் அஹ்லி ரசிகர்கள் மேல் பாய்ந்தது. 70க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். உடை மாற்றும் அறைக்குத் தூக்கி வந்த ஒரு ரசிகர் அல் அஹ்லியின் அபுத்ரிகா கையிலேயே உயிரை விட்டார். எகிப்தே கொண்டாடிய அந்த ஆட்டக்காரர், இனி ஆடவே மாட்டேன் என்று அன்று சொன்னார்.

பிராட்லி பெட்டியைக் கட்டியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரும் மனைவியும் கெய்ரோவில் இறந்தவர்களுக்காகத் திரண்ட கூட்டத்தோடு சேர்ந்து நடந்தார்கள். அவர் செய்ததிலேயே எனக்குப் பெரிதாகப் படுவது, எந்தக் கோப்பையையும்விட, இதுதான்.

லீக் ரத்து. தேசிய அணியில் பாதிக்கு மேல் உள்ளூர்க் கிளப் ஆட்கள். வாராவாரம் ஆடினால்தானே யார் தயார், யார் தயாரில்லை என்று தெரியும்? வெளிநாட்டில் முகாம் போட்டு, கிடைத்த அணியோடு நட்பு ஆட்டம் ஆடிப் பார்த்துத்தான் ஆள் எடுத்தார். மனம் மாறித் திரும்பிய அபுத்ரிகாவோடு, 20 வயது முகமது சாலா என்ற பையனும் இருந்தார். 2013 ஜூனில் ஜிம்பாப்வே போய் அந்தப் பையன் மூன்று கோல் போட்டார். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் அந்தக் கட்டத்தில் ஆறு ஆட்டம், ஆறு வெற்றி. ஆப்பிரிக்காவில் வேறு எந்த அணிக்கும் அது வாய்க்கவில்லை.

இதற்குள் மீண்டும் தொடங்கியிருந்த லீக், ஆட்சி மாற்றக் கலவரத்தில் மறுபடி நின்றது. கடைசிப் படியில் எதிரே நின்றது கானா. ஐரோப்பாவில் வாராவாரம் ஆடும் ஆட்களைக் கொண்ட அணி. அக்டோபர் 15, குமாசி: கானாவுக்கு 6–1 வெற்றி. கெய்ரோவில் நடந்த அடுத்த ஆட்டத்தை எகிப்து 2–1 என்று ஜெயித்தும் பிரயோஜனமில்லை. இரண்டு பருவமாக லீக்கே உருப்படியாக நடக்காத நாடு அது என்று சொன்னால், சாக்கு என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அதன்பின் நார்வேயில் ஸ்டாபெக், பிரான்சில் லு ஆவ்ர். லு ஆவ்ரும் மெட்ஸும் ஒரே புள்ளி, ஒரே கோல் வித்தியாசம். அதிக கோல் அடித்த கணக்கில் மெட்ஸ் மேல் லீக்குக்கு ஏறிவிட்டது.

2016 அக்டோபரில் ஸ்வான்சி. பிரீமியர் லீக்கில் முதல் அமெரிக்கப் பயிற்சியாளர். பெனால்டியை அமெரிக்கப் பாணியில் சொன்னதற்குக்கூடக் கேலி. கிளப்பை அப்போதுதான் அமெரிக்க முதலாளிகள் வாங்கியிருந்தார்கள். அந்தக் கோபமும் இவர் தலையில் விடிந்தது. தற்காப்பு ஓட்டையாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை: 11 ஆட்டத்தில் 29 கோல் வாங்கினார்கள். ஆனால் நல்ல ஆட்களை விற்றுவிட்டு ஈடு வாங்காமல் விட்டது அவரில்லையே. டிசம்பர் 27 அன்று சீட்டைக் கிழித்தார்கள்.

2019இல் லாஸ் ஏஞ்சலஸ் எஃப்.சி.யோடு 72 புள்ளி எடுத்து அமெரிக்க லீக்கான எம்.எல்.எஸ்.ஸில் சாதனை படைத்தார். இரண்டே வருஷத்தில் அதை ஒரு புள்ளியில் முறியடித்தது புரூஸ் அரீனாவின் அணி. பிராட்லி ஒரு காலத்தில் அரீனாவிடம்தான் உதவியாளராக இருந்தார். பிறகு போன டொரன்டோ கிளப் 2023 ஜூனில் அவரை நீக்கியது. அதே கோடையில், 65 வயதில், மறுபடி நார்வேக்குப் போய் ஸ்டாபெக்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.