கட்டில் பக்கத்தில் இருப்பவருக்கு



புனேயின் தாபோடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தங்கை மகனுக்கு மூளைக் காய்ச்சல். ஐ.சி.யூ.வில் சேர்த்த பிறகு வலிப்பு வந்திருக்கிறது, அடுத்து நிமோனியா. 'வைத்தியம் பார்க்கப் பார்க்க நோய் ஏறுமா? மருந்துதான் சரியில்லையோ என்று ஆஸ்பத்திரியை மாற்றவே கிளம்பிவிட்டோம்' என்கிறார். பிள்ளை தேறி வருகிறான் என்ற வரியைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

மருந்தைப் பற்றிய அவருடைய சந்தேகத்திலிருந்தே தொடங்குகிறேன். அவருடைய ஊரிலேயே, தாபோடிக்குச் சில மைல் தள்ளி, தேசிய வைராலஜி நிறுவனம் இருக்கிறது. 1952இல் வைரஸ் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கியது. 1955இல் நம் வேலூரில்தான் மூளைக் காய்ச்சல்களில் ஒன்றான ஜப்பானிய மூளைக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. இத்தனை ஆண்டு உழைப்பில் அதற்குத் தடுப்பூசி கிடைத்தது. கோலாரில் எடுத்த வைரஸைக் கொண்டு உள்நாட்டிலேயே தயாரான ஜென்வாக் 2013இல் வந்தது. ஆனால் உடம்புக்குள் புகுந்துவிட்ட அந்த வைரஸைக் கொல்ல இன்றுவரை மருந்து இல்லை.

அப்படியானால் ஐ.சி.யூ.வில் என்னதான் செய்கிறார்கள்? மூளை வீங்காமல், வலிப்பு தொடராமல், ரத்தத்தில் சோடியம் இறங்காமல், நுரையீரலில் சளி கட்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள். உடம்பு தானே வைரஸை வென்று எழும்வரை இப்படி உயிரைக் காப்பதுதான் இந்த நோய்க்கு வைத்தியம். நடுவில் சிக்கல் வந்தால் மருந்து தப்பு என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். நோயின் போக்கே அப்படித்தான். வென்டிலேட்டரில் இருக்கும் பிள்ளையைப் பாதியில் வேறிடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதிலும் ஆபத்து உண்டு. சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் உட்கார்ந்து கேளுங்கள். அது உங்கள் உரிமை.

பக்கத்தில் இருப்பவரால் ஆகக்கூடியது நிறைய இருக்கிறது. வலிப்பு என்றால் கைகால் வெட்டி இழுக்கும் என்றே நினைக்கிறோம். மூளைக் காய்ச்சலில் உதட்டோரம் துடிக்கும், ஒரே ஒரு விரல் விடாமல் ஆடும், கண் ஒரு பக்கமாகவே சொருகி நிற்கும். அதுவும் வலிப்பாக இருக்கலாம். அம்மாவின் கண்ணுக்குத்தான் அது முதலில் படும். 'தூக்கத்தில் ஏதோ அசைகிறான்' என்று விட்டுவிடாமல் நர்ஸைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, சாப்பாடு. இரண்டு நாளாகப் பட்டினி கிடக்கிறதே என்று அரைமயக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு ஒரு ஸ்பூன் கஞ்சி ஊட்டிவிடுகிறோம். விழுங்கத் தெரியாத நிலையில் அது நுரையீரலுக்குள் போகும். நிமோனியா அங்கேதான் தொடங்கும். மூக்குக் குழாய் போட்டிருப்பதே அதற்காகத்தான். டாக்டர் சொல்லும்வரை வாய்வழியாக எதுவும் வேண்டாம்.

ஹெர்பிஸ் வைரஸால் வரும் மூளைக் காய்ச்சலுக்கு மட்டும் அசைக்ளோவிர் என்ற நல்ல மருந்து இருக்கிறது. அதை ரத்த நாளம் வழியாக 14 முதல் 21 நாள் வரை கொடுக்க வேண்டும். காய்ச்சல் விட்டதும், செலவை நினைத்து, பாதியில் டிஸ்சார்ஜ் கேட்பவர்கள் உண்டு. பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பலாம். அந்த மருந்து சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். ட்ரிப்ஸ் ஏற்றுவதும் அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்வதும் அதனால்தான்.

வீடு திரும்பிய சில வாரங்களில் பிள்ளை தூங்காமல் கத்துவது, பேச்சை நிறுத்துவது, வாயும் கையும் தானாக நெளிவது என்று மாறிப்போனால், பேய் பிடித்தது என்று மந்திரிக்கப் போகாதீர்கள். ஹெர்பிஸ் மூளைக் காய்ச்சல் வந்து போனவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு, உடம்பின் எதிர்ப்புசக்தியே மூளையைத் தாக்கும் இரண்டாம் நோய் வருகிறது. அதற்கும் சிகிச்சை உண்டு. சீக்கிரம் போனால் பலனும் அதிகம்.

ஜப்பானிய மூளைக் காய்ச்சலில் பிழைத்தவர்களிலும் 30 முதல் 50 சதவீதம் பேருக்குக் கைகால் இறுக்கம், ஞாபக மறதி, முன்கோபம் என்று ஏதாவது தங்கிவிடுகிறது. ஆகவே பிசியோதெரபியை விடாதீர்கள். பள்ளிக்கு அனுப்பும்போது டீச்சரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். மறதியைச் சோம்பல் என்று அடித்துவிடப் போகிறார்கள். உங்கள் பகுதியில் தடுப்பூசி போடுகிறார்களா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த வாரமே விசாரியுங்கள்.

இந்த நோயில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்கள் நம் வாசகர்களில் இருப்பீர்கள். எது உதவியது, எதை முன்பே யாராவது சொல்லியிருக்கலாம் என்று எழுதுங்கள். அடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம். இன்றிரவு ஏதோ ஓர் ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு அது பயன்படும்.

அன்புடன்,
ஆசிரியர்